சொந்த வேலை

என்கிட்ட போய் கேக்குறீங்களே சார். அடுத்து யாரு வருவாங்கன்னு ஆபீஸ்ல என்ன பேசிக்கிறாங்க, டிரைவரைக் கேட்டா தெரியும்னு உங்களுக்கு யாரோ சொல்லி அனுப்பிருக்காங்க. தப்பாச் சொல்லல. எங்களுக்குத் தெரியாம அந்தக் கட்டடத்துல என்ன நடந்துடும்? ஆனா என்கிட்ட மட்டும் கேக்காதீங்க. ஒரு தடவை இதே கேள்விக்குப் பதில் சொல்லப் போய்தான்... ஏசி போதுமா சார்? குறைக்கட்டுமா?

என் பேரு தணிகாசலம். மயிற்பீலி டிவியில இருபத்திமூணு வருஷமா வண்டி ஓட்டுறேன். இப்ப எம்.டி. நவநீத் சாருக்கு. அதுக்கு முன்னாடி அவரு மாமனாரு ஞானசுந்தரம் சாருக்கு. கம்பெனியை ஆரம்பிச்சவரு. ரிசப்ஷன்ல மாலை போட்டு போட்டோ இருக்கும், பாப்பீங்க. கண்ணாடியைக் கழட்டச் சொல்லி எடுத்துட்டாங்க, அதனால யாரோ மாதிரி இருப்பாரு. கண்ணாடி இல்லாம அவரை நான் பாத்ததே இல்ல. ஆஸ்பத்திரியில தவிர.

நீங்க ஏர்போர்ட் வாசல்லேர்ந்து போன் பேசிட்டே வந்தீங்க. ஒட்டுக்கேக்கல சார். டிரைவர் காதுக்கு மூடி கிடையாது, அவ்வளவுதான். பணம் போட்ட பெங்களூர் பார்ட்டி நவநீத் சாரை மாத்தப் போறாங்க, யாரை உக்கார வைக்கலாம்னு பாத்துச் சொல்ல உங்களை அனுப்பிருக்காங்க. அது வரைக்கும் புரிஞ்சுது. அப்புறம் ஒரு பேரு சொன்னீங்க. தாட்சாயணி. ‘தகுதியெல்லாம் இருக்கு, ஆனா அந்தம்மா பேர்ல ஏதோ பழைய கதை இருக்காமே, லிஸ்ட்லேர்ந்து எடுத்துடலாமா’ன்னு கேட்டீங்க.

அப்பவே வண்டியை ஓரம் கட்டிடலாம்னு பாத்தேன். கட்டல. ஜி.எஸ்.டி. ரோட்டுல எங்க ஓரம் கட்ட?

அந்தப் பழைய கதையை எழுதுனதே நான்தான் சார். கதைன்னா ரெண்டே வார்த்தை. என் கையெழுத்துல.

தாட்சாயணி மேடம் வந்தப்ப சீரியலுக்கு டயலாக் எழுதுறவருக்கு உதவியாளு. அவரு கிறுக்குறதை இவங்க நல்லா எழுதி ஜெராக்ஸ் போட்டு ஆர்டிஸ்டுக்குக் குடுக்கணும். அதுல ஆரம்பிச்சு, பதினஞ்சு வருஷத்துல எல்லா சீரியலுக்கும் தலைமைன்னு ஆனாங்க. ஷூட்டிங்ல மத்தியானம் எவ்வளவு நேரமானாலும், ‘டிரைவருங்க சாப்ட்டாங்களா’ன்னு கேட்டுட்டுத்தான் தட்டைத் தொடுவாங்க. இதை நான் சும்மா புகழணும்னு சொல்லல. அந்த ஆபீஸ்ல வேற யாரும் கேட்டதில்ல, அதனால ஞாபகம் இருக்கு.

மூணு வருஷம் முன்னாடி பெரிய சாருக்குக் கிட்னி போயிடுச்சு. வாரத்துக்கு ரெண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், அண்ணா நகர்ல டயாலிசிஸ். வெளிய தெரியக்கூடாதுன்னுட்டாரு. தெரிஞ்சா விளம்பரம் குடுக்குறவன் யோசிப்பான், கம்பெனியை விலை பேச வந்துடுவானுங்கன்னு பயம். சம்சாரம் முன்னாடியே போய்ட்டாங்க. ஒரே பொண்ணு மாதங்கி. அதுக்கும் சொல்லல. சொன்னா மருமகனுக்குப் போகும். தெரிஞ்சது ரெண்டே பேருக்குத்தான். எனக்கும் மேடத்துக்கும்.

சார் முன் சீட்டுல என் பக்கத்துல, இப்ப நீங்க உக்காந்திருக்கீங்களே, அங்கதான் உக்காருவாரு. மேடம் பின்னாடி, மடியில ஃபைலோட. ஆஸ்பத்திரியில நாலு மணி நேரம். அந்த நாலு மணி நேரமும் மேடம் பக்கத்துல ஸ்டூல் போட்டு, அடுத்த வாரம் எடுக்கப்போற எபிசோடையெல்லாம் படிச்சுக் காட்டுவாங்க. அவரு கண்ணை மூடிக்கிட்டே, ‘அந்த மாமியார் இவ்வளவு பேச மாட்டா, பாதியை வெட்டு’ம்பாரு. சில நாள் மேடம் வெட்ட மாட்டாங்க. ‘வெட்டுனா நாளைக்கு அழ மாட்டாங்க சார்’னு சண்டை போடுவாங்க. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் பெஞ்சுல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேன். எனக்கும் கதை முன்கூட்டியே தெரியும்ல? வீட்டுல சம்சாரம்கிட்ட சொல்லி வாங்கிக் கட்டிக்குவேன்.

ஒரு நாள் திரும்பி வர்றப்ப, மேடம் பின்னாடி அசந்து தூங்கிட்டாங்க. சார் திரும்பிப் பாத்துட்டு என்கிட்ட சொன்னாரு. ‘தணிகாசலம், இவ கையில குடுத்தாத்தான்யா இது ஓடும். எழுதி வெச்சுட்டேன். நீ ஒரு சாட்சி.’ சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. நானும் சிரிச்சேன்.

சாட்சி. அந்த வார்த்தைதான் சார் குத்துது.

இப்ப அந்த நோட்டு விஷயம். கம்பெனி டிரைவர்னா ட்ரிப் ஷீட் எழுதணும். தேதி, புறப்பட்ட நேரம், கிலோமீட்டர், யாரு வந்தாங்க, என்ன வேலை. முதல் நாள் சார்கிட்ட கேட்டேன், என்ன வேலைன்னு எழுதட்டும் சார்னு. ‘ஆஸ்பத்திரின்னு மட்டும் எழுதாதே. மத்தபடி ஏதாவது எழுது’ன்னாரு. அங்க ரெண்டுதான் எழுதுவோம். ஒண்ணு ஆபீஸ் வேலை. இன்னொண்ணு சொந்த வேலை. வீட்டுக்கு மளிகை எடுத்துட்டுப் போனா, கோயிலுக்குப் போனா, சொந்த வேலை. நான் யோசிச்சேன். உடம்புக்கு முடியாம போறது ஆபீஸ் வேலையா? இல்லையே. பொய் எழுத எனக்குக் கை வராது சார். சொந்த வேலைன்னு எழுதினேன்.

யாரு வந்தாங்கங்கிற இடத்துல, ‘எம்.டி. சார், தாட்சாயணி மேடம்.’ மேடம் பேரை விட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. ஆனா எனக்கு அதுல ஒரு பெருமை. எம்.டி.யும் மேடமும் என் வண்டியிலதான் போறாங்கன்னு எழுதுறதுல. வாரத்துக்கு ரெண்டு தடவை எழுதினேன். ‘எம்.டி. சார், தாட்சாயணி மேடம். சொந்த வேலை.’ ஆறு மாசம். இப்ப நீங்க கேக்குறப்பவே உங்களுக்கு ஒரு மாதிரி இருக்குல்ல? சத்தியமா எனக்கு அப்ப தோணல சார்.

சிக்னல் விழுந்துடுச்சு. கத்திப்பாரா தாண்டுனா கொஞ்சம் ஃப்ரீயாயிடும்.

அந்த வருஷம் ஆபீஸ்ல இதே பேச்சுதான். சார் இளைச்சுக்கிட்டே வர்றாரு, அடுத்து யாருன்னு. டீக்கடையில பந்தயமே கட்டினானுங்க. தோத்தவன் எல்லாருக்கும் பிரியாணி. மருமகன்னு நாலு பேரு. பம்பாய்லேர்ந்து ஒரு ஆளு வர்றான்னு ரெண்டு பேரு. நான் டீயைக் குடிச்சுக்கிட்டு பேசாமத்தான் இருந்தேன். டைட்டஸ்னு ஒருத்தன், பப்ளிசிட்டி பாக்குறவன், ‘தாட்சாயணி மேடத்தை விட்டுட்டீங்களே’ன்னான். எல்லாரும் சிரிச்சானுங்க. ‘ஜெராக்ஸ் எடுக்க வந்த பொம்பளை எம்.டி. நாற்காலியில உக்காருதா’ன்னு ஒருத்தன் கேட்டான்.

எனக்குப் பொறுக்கல சார். அந்தம்மாவுக்காகத்தான் பொறுக்கல. சரி, பந்தயத்துல நானும் ஜெயிக்கணும்னு ஒரு இது இருந்துச்சு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரி விஷயத்துல வாயைத் திறக்கல. அதை மட்டும் நல்லா கேட்டுக்குங்க. சாருக்கு வாக்குக் குடுத்திருக்கேன், ஒரு வார்த்தை வெளிய விடல. வண்டியிலேர்ந்து நோட்டை எடுத்துட்டு வந்து பெஞ்சு மேல விரிச்சு வெச்சேன். ‘பாத்துக்குங்கடா, செவ்வாயும் வெள்ளியும் எம்.டி. யாரைக் கூட்டிக்கிட்டுப் போறாருன்னு. அடுத்தது யாருன்னு அப்புறம் பேசுங்க.’ 

எல்லாரும் குனிஞ்சு படிச்சானுங்க. நான் ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன். டைட்டஸ் மெதுவா, ‘சொந்த வேலையாண்ணே?’ன்னு கேட்டான். ‘ஆமாடா, சொந்த வேலைதான்’னு நெஞ்சை நிமித்திக்கிட்டுச் சொன்னேன். அவன் போன்ல ஒரு போட்டோ எடுத்தான். எதுக்குடான்னு கூடக் கேக்கல நான். பிரியாணி நினைப்புல இருந்தேன்.

மூணாவது நாள் யூடியூப்ல வந்துடுச்சு. ‘மயிற்பீலி நாற்காலி யாருக்கு? செவ்வாய்க்கிழமை ரகசியம்!’ என் கையெழுத்தை இவ்வளவு பெருசாக் காட்டி, சொந்த வேலைங்கிற ரெண்டு வார்த்தையைச் சுத்தி சிவப்பு வட்டம். கீழ வந்து எழுதியிருந்தானுங்க பாருங்க... அதையெல்லாம் வாயால சொல்ல முடியாது சார். உங்க வீட்டுலயும் பொம்பளைங்க இருப்பாங்க.

அடுத்த செவ்வாய்க்கிழமை மேடம் வர மாட்டாங்கன்னு நினைச்சேன். வந்தாங்க. அதே சீட்டு, அதே ஃபைலு. சார்தான் சொல்லியிருக்காரு, நீ வராம இருந்தா அவனுங்க சொன்னது உண்மையாயிடும்னு. வண்டி கொஞ்ச தூரம் போனதும் சார் கேட்டாரு, ‘தணிகாசலம், நோட்டு எப்படிய்யா வெளிய போச்சு?’ ‘தெரியல சார்’னேன். மேடம் கண்ணாடியில என்னைப் பாத்தாங்க. தெரிஞ்சிருக்கும். பதினஞ்சு வருஷம் டயலாக் படிச்சவங்களுக்கு எது பொய்னு தெரியாதா?

ஒன்றரை மாசத்துல சார் போய்ட்டாரு. பேப்பர்ல போட்டாங்க, நீண்ட நாளாகச் சிறுநீரகக் கோளாறுன்னு. அப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு, ஆஸ்பத்திரி, டயாலிசிஸ், எல்லாம். மூடி வைக்க ஒண்ணுமில்ல. நான் குடுத்த வாக்கும் அதோட முடிஞ்சுபோச்சுன்னு நீங்க சொல்வீங்க. நான் அப்ப அப்படி நினைக்கல. வாக்கு வாக்குதானேன்னு நினைச்சேன். நினைச்சேன்னு... நினைச்ச மாதிரி இருந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாள் நவநீத் சார் என்னைக் கூப்பிட்டாரு. தோள்ல கை போட்டாரு சார். அதுவரைக்கும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. ‘தணிகாசலம், கம்பெனி டிரைவருங்களையெல்லாம் நிறுத்திட்டு ஏஜென்சி வண்டி வைக்கப் போறோம். நீங்க கவலைப்படாதீங்க. மாமா வண்டியை நீங்கதான் ஓட்டணும்’னாரு. அவ்வளவுதான். வேற ஒண்ணும் கேக்கல. இப்படிச் சொல்லு, அப்படிச் சொல்லுன்னு எதுவும் சொல்லல. அதனால அதுக்கும் மறுநாள் நடந்ததுக்கும் சம்பந்தம் இல்ல சார். நான் பல தடவை யோசிச்சுப் பாத்துட்டேன். சம்பந்தம் இல்ல.

மறுநாள் மேல மாடியில மீட்டிங். சார் எழுதி வெச்ச லெட்டரை வக்கீல் படிச்சிருக்காரு. எனக்கப்புறம் கம்பெனியைத் தாட்சாயணி நடத்தட்டும், என் பொண்ணு கூட இருக்கட்டும்னு. நவநீத் சார், ‘இந்த லெட்டர் எப்படி வாங்கப்பட்டதுன்னு ஊருக்கே தெரியும்’னு சொல்லி, என்னையும் நோட்டையும் வரச் சொல்லிட்டாரு.

ஒன்பது பேரு உக்காந்திருந்தாங்க. கடைசியில மேடம். நவநீத் சார் நோட்டை என் முன்னாடி வெச்சு, ‘உங்க கையெழுத்துதானே? படிங்க’ன்னாரு. படிச்சேன். ‘எம்.டி. சார், தாட்சாயணி மேடம். சொந்த வேலை.’ இன்னொரு பக்கம் திருப்பினாரு. அதையும் படிச்சேன். எத்தனை பக்கம் படிச்சேன்னு ஞாபகம் இல்ல. படிக்கப் படிக்க எனக்கே அது அசிங்கமாக் கேட்டுச்சு.

அப்பத்தான் மாதங்கி கேட்டுச்சு. எல்.கே.ஜி.யிலேர்ந்து நான் ஸ்கூலுக்குக் கொண்டு விட்ட பொண்ணு சார். ‘அண்ணா, ஆஸ்பத்திரிக்குப் போனது இப்ப எனக்குத் தெரியும். அங்கேர்ந்து நேரா ஆபீஸ் வருவீங்களா, வேற எங்கயாவது போவீங்களா? அப்பா கூட இவங்க உள்ள நாலு மணி நேரம் என்னண்ணா பண்ணுவாங்க? நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா நான் நம்புறேன்.’

நீங்க சொன்னா நான் நம்புறேன். அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டே கேட்டுச்சு.

மேடம் நிமிந்து பாத்தாங்க. கெஞ்சல. ‘சொல்லுங்க தணிகாசலம். இப்ப சொல்லலாம்’னாங்க.

என்ன சொல்லணும் சார்? நேரா ஆபீஸ்தாம்மா வருவோம். மேடம் உங்க அப்பாவுக்கு எபிசோடு படிச்சுக் காட்டுவாங்க. கதவுக்கு வெளிய பெஞ்சுல உக்காந்து பாத்திருக்கேன். மூணே வரி. அது கூட வேணாம். நோட்டுலயே கிலோமீட்டர் எழுதிருக்கு. போக ஏழு, வர ஏழு. ஒவ்வொரு பக்கமும் பதினாலு, பதினாலு, பதினாலு. ஒரே ஒரு நாள் மெட்ரோ வேலைன்னு சுத்தி விட்டான், அன்னிக்கு மட்டும் பதினஞ்சு. வேற எங்கயாவது போயிருந்தா பதினாலு எப்படி வரும்? அங்க இருந்த எவனும் அதைப் பாக்கல. கிலோமீட்டரை டிரைவரைத் தவிர யாரு பாப்பா? என் விரலை அந்த எண்ணு மேல வெச்சிருந்தாப் போதும். விரல் அங்கதான் இருந்துச்சு சார். நோட்டை நான்தானே பிடிச்சிருந்தேன்.

‘நோட்டுல என்ன எழுதியிருக்கோ அதுதாம்மா’ன்னேன். ‘உள்ள என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாது. நான் வண்டியிலயே இருப்பேன்.’

மாதங்கி அப்புறம் மேடத்தைப் பாக்கவே இல்ல. மேடம் ஃபைலை மூடி எடுத்துக்கிட்டு எழுந்தாங்க. ஆஸ்பத்திரி நர்ஸைக் கூப்பிடறேன், டாக்டரைக் கூப்பிடறேன்னு சண்டை போட்டிருக்கலாம்ல? அவங்களே போடல, நான் என்ன பண்ண முடியும்னு ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். இப்ப உங்ககிட்ட சொல்றப்ப கேக்கவே நல்லாயில்ல.

கீழ கேட்டுல ஆட்டோவுக்கு நின்னுக்கிட்டு இருந்தாங்க. நல்ல வெயிலு. நான் வண்டியை எடுத்துட்டுப் போய் பக்கத்துல நிறுத்தி, ‘ஏறுங்க மேடம், வீட்டுல விட்டுடறேன்’னேன். அந்த நேரத்துல எப்படிக் கேக்க மனசு வந்துச்சுன்னு தெரியல. மேடம் கோவப்படல. என்னைப் பாத்து, ‘என்னன்னு எழுதுவீங்க, தணிகாசலம்?’னு கேட்டாங்க.

ஆட்டோ வந்துச்சு. போய்ட்டாங்க.

ரெண்டு வருஷம் ஆச்சு சார். நவநீத் சார் சொன்ன மாதிரியே ஏஜென்சி வண்டி வந்துச்சு, மத்த டிரைவருங்க ஏழு பேரு போய்ட்டாங்க, நான் இருக்கேன். பந்தயத்துல மருமகன் பேரைச் சொன்னவனுங்களுக்குப் பிரியாணியும் நான்தான் வாங்கிக் குடுத்தேன். வாங்கலேன்னா ஏன்னு கேப்பானுங்கள்ல? சீரியலெல்லாம் படுத்துடுச்சு. அது உங்களுக்கே தெரியும், அதனாலதானே வந்திருக்கீங்க. மாமியார் பேசிக்கிட்டே இருக்கா, வெட்ட ஆள் இல்ல.

மேடம் இப்ப மேற்கு மாம்பலத்துல இருக்காங்க. வீட்டுலேர்ந்தே யாருக்கோ எழுதிக் குடுக்குறாங்களாம், வேற பேர்ல. ஏர்போர்ட் ட்ரிப் வந்தா நான் அந்தத் தெரு வழியா ஒரு சுத்து சுத்திட்டுத்தான் ஆபீஸுக்குப் போவேன். நாலு கிலோமீட்டர் அதிகம். ஹாரன் அடிச்சதில்ல. இறங்கினதில்ல. மெதுவாப் போவேன், அவ்வளவுதான். நோட்டுல ‘டிராஃபிக், மாற்றுப்பாதை’ன்னு எழுதிடுவேன். பொய் எழுதக் கை வராதுன்னு சொன்னேன்ல, இப்பல்லாம் நல்லா வருது.

அசோக் பில்லர்ல நேராப் போனா வடபழனி, ஆபீஸ். நான் வலது பக்கம் திரும்பிட்டேன், நீங்க பாத்திருப்பீங்க. உங்க மீட்டிங் நாலு மணிக்குத்தானே? மணி ரெண்டுதான் ஆவுது.

முன்னாடி அந்த டேஷ்போர்டைத் திறங்க சார். பழைய நோட்டு இருக்கும், நீல அட்டை. மீட்டிங் முடிஞ்சு குப்பையில போட்டுட்டாங்க, நான் எடுத்து வெச்சுக்கிட்டேன். பிரிச்சுப் பாருங்க. எல்லாரும் கடைசிக் கட்டத்தைத்தான் பாப்பாங்க. நீங்க மூணாவது கட்டத்தைப் பாருங்க. பதினாலு. அடுத்த பக்கம்? பதினாலு. அதை நீங்களே வெச்சுக்குங்க. அடியில கையெழுத்துப் போட்டுத் தரேன்.

மேல மாடிக்கு வந்து சொல்வியான்னு கேக்குறீங்க. மாதங்கி முன்னாடியா? நவநீத் சாரும் இருப்பாரா?

எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு சார்.

...கேட்டீங்க, உடனே இதைத்தான் சொல்றேன் பாருங்க. அன்னிக்கும் இதேதான். சம்பந்தம் இல்ல, சம்பந்தம் இல்லன்னு சொன்னேன்ல? அதேதான் சார். வேற ஒண்ணுமே இல்ல. தோள்ல கை போட்டாரு, நான் வித்துட்டேன்.

சரி, வந்துடுச்சு. அந்தப் பச்சை கேட்டு வீடு. மாடிக்குப் படி பக்கவாட்டுல இருக்கு. ஜன்னல் திறந்திருக்கு, இருக்காங்க. லிஸ்ட்லேர்ந்து பேரை எடுக்குறதுக்கு முன்னாடி ஆளை ஒரு தடவை பாத்துடுங்க.

நானா? இல்ல சார், நான் வரல. நான் வண்டியிலயே இருக்கேன்.

அன்னிக்கு இருக்கலேன்னாலும் இருந்தேன்னு சொன்னேன். இன்னிக்கு நிஜமாவே இருக்கேன். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வர்றது? நீங்க போங்க.

சார், சார். ஒரு நிமிஷம். யாரு கூட்டிக்கிட்டு வந்தாங்கன்னு கேப்பாங்க. என் பேரைச் சொல்லுங்க, பரவால்ல. சொன்னதும் என்னன்னு எழுதியிருக்கான்னு கேட்டாலும் கேப்பாங்க. ஆபீஸ் வேலைன்னு எழுதியிருக்கேன்னு சொல்லிடுங்க.